மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்ட ஏலக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்காகப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தபோது சரோஜா அண்ணியிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், அவுங்க போயிட்டாங்க" என்றார். சிறுநீரகக் கோளாறினால் சில மாதங்களாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த மாணிக்கவேல் அண்ணன் அன்று விடியற்காலையில் காலமாகிவிட்டார். வந்திருந்தவர்களிடம் சொன்னேன். யாரும் தத்தம் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பாய்களைச் சுருட்டி, மண்டபத்தைப் பூட்டிவிட்டு, எல்லோருமாக ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனோம்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் உடன் படித்தவர். மூச்சுப் பயிற்சி ஆசிரியர்களுக்கான வகுப்பில் நாங்கள் இருவரும்தான் தலை நரைத்த மாணவர்கள். பாடம் எடுத்த யோகா மருத்துவர் நிவேதாவுக்கு எங்கள் பிள்ளைகளின் வயது. நான் நெரவியில் பள்ளி ஆசிரியை. பரீட்சை என்றாலே கை நடுங்குகிற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாமே என்று சேர்ந்திருந்தேன். அண்ணன் வந்த கதை வேறு.

ஒரு நாள் ஏலத்தின் நடுவில் அவருக்குக் குரல் நின்றுவிட்டது. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின. மாரடைப்பு என்று நினைத்து மீன் வண்டியிலேயே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றம், வேகவேகமாக மூச்சு வாங்கியதால்தான் விரல்கள் மரத்தன என்றார். "ஒண்ணுமில்லேன்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷம் வரல டீச்சர். ஒண்ணுமில்லாததுக்கே இப்படி ஆவுதேன்னு கூடுதலா பயம் வந்துச்சு" என்று முதல் நாளே வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். மருந்தோடு மூச்சுப் பயிற்சியும் செய்து தேறியவர், அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வந்திருந்தார்.

அவர் முதன்முதலாகப் பாடம் எடுத்த நாளை எங்கள் வகுப்பில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "உள்ள இழுங்க, இழுங்க, வெளிய வுடுங்க, வுடுங்க, உள்ள இழுங்க" என்று வஞ்சிரத்துக்கு விலை ஏற்றுகிற வேகத்தில் ஆரம்பித்தார். அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் எங்களுக்கு மூச்சு வாங்கியது. யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும்தான். நிவேதா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, நீங்க பேசுறதுல எங்களுக்கு மூச்சு வுட எடமே இல்லீங்களே" என்றார்.

அதற்கு வழியை அவரே கண்டுபிடித்தார். "இழுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். தானும் மூச்சை இழுத்து முடித்த பிறகுதான் அடுத்த சொல். "மூச்ச உள்ள இழுக்கும்போது பேச முடியாது டீச்சர். நானும் கூடவே செஞ்சா வாய் தானா அடங்கிடுது." கேட்கச் சுலபமாக இருந்தது. எனக்கு அது வருவதற்கு நாளாயிற்று. பள்ளியில் அமைதி விழுந்தாலே எதையாவது சொல்லி நிரப்பிப் பழகிய வாய் என்னுடையது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் "எங்க, சொல்லுங்க பாப்பம்" என்று என்னைச் சொல்ல வைத்துக் கேட்பார். அவசரப்பட்டால் கையைக் காட்டி நிறுத்துவார்.

தேர்ச்சி பெற்றதும் இருவரும் சேர்ந்து நெரவியில் ஞாயிறு வகுப்பைத் தொடங்கினோம். ஆரம்பத்திலேயே ஒரு சோதனை வந்தது. ஹமீதா என்பவர் தூக்கம் வருவதில்லை என்று வந்திருந்தார். கணவர் துபாயில், இவர் ஊரில் தனியாக மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். கண்ணை மூடி மூச்சை நிறுத்தச் சொல்லி நான் நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், மூச்சு வரல, கையெல்லாம் மரத்துப்போவுது" என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஆழமாக மூச்சை இழுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவருக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கண்ணத் தொறந்துக்குங்க. எனக்கும் இதேதான் வந்துச்சு, செத்துடுவோம்னுதான் தோணும். சாவல பாருங்க, ஒக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்."

"நெஞ்சு அடிக்குதுண்ணே."

"அடிக்கட்டும். இழுக்கவே வேணாம். மெதுவா வெளிய வுடுங்க, அது போதும். உள்ள வர்றது தானா வரும்."

ஹமீதா மெல்ல உட்கார்ந்தார். உதட்டைக் குவித்து ஊதினார், நிறுத்தினார், மறுபடி ஊதினார். அண்ணனும் கூடவே ஊதிக்கொண்டிருந்தார். அழுகை அடங்கித் தண்ணீர் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. "நாளைக்கு டாக்டர்ட்ட காட்டிடுங்க. மாத்திரை குடுத்தா அதையும் சாப்பிடுங்க. இது அதுக்குப் பதில் இல்ல" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கே நாங்கள் பாடத்தை மாற்றினோம். புதியவர்களுக்கு மூச்சை நிறுத்தும் பயிற்சி கிடையாது, விருப்பமில்லாதவர்கள் கண்ணை மூட வேண்டாம். அடுத்த மாதம் ஹமீதா திரும்பி வந்து கதவோரம் இடம் பிடித்து, கண்ணைத் திறந்தபடியே பயிற்சி செய்தார். இப்போது தன் தெருப் பெண்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ்காரர் முகாம் நடத்தக் கூப்பிட்டார். 'நரம்பு நோய்கள் அனைத்தும் தீரும்' என்று பேனர் அடித்துத் தயாராக வைத்திருந்தார். அண்ணன் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏலத்துல ஏத்திச் சொல்லலாங்க, அது தொழில். இதுல ஏத்திச் சொன்னா ஒருத்தன் மாத்திரைய நிறுத்திடுவான்." லாட்ஜ்காரர் முணுமுணுத்துக்கொண்டே பேனரைக் கழற்றினார். கூட்டம் குறைவாகத்தான் வந்தது. அண்ணன் ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு, உடம்பு எப்படி என்று கேட்டு, ஆற அமரச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவு நிறைவான வகுப்பை நாங்கள் அதற்கு முன் நடத்தியதில்லை.

அவர் சாமியாராகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் அதே வாய், அதே சத்தம். ஒரு நாள் ஏலத்தின் நடுவில் படபடப்பு வருவது போலிருக்க, நிறுத்தி, நீளமாக மூச்சை விட்டாராம். விலை போதவில்லை என்று பெருமூச்சு விடுகிறார் என்று நினைத்து வியாபாரி ஒருவர் தானாகவே விலையை ஏற்றிவிட்டார். "நெவேதாம்மாட்ட இத மட்டும் சொல்லிடாதீங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் அவரே நிவேதாவிடம் சொல்லிச் சிரித்தார்.

உடம்பு முடியாமல் போன பிறகு பாடம் எடுப்பதை விட்டுவிட்டார். கடைசியாக வந்த ஞாயிறு, சரோஜா அண்ணி கையைப் பிடித்து அழைத்துவர, எல்லோரையும் போல ஒரு பாயில் படுத்துக்கொண்டார். நான் நடத்தினேன். முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. பயந்துபோய்க் கிட்டே போனால் இலேசான குறட்டை. நெடுநேரம் கழித்து எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "வலியில தூக்கமே இல்லாம கெடந்தேன். இன்னைக்கு ஒங்க கொரலு கேட்டுத் தூங்கிட்டேன். நீங்க இப்ப நல்ல வாத்தியார் டீச்சர்" என்றார்.

இத்தனை வருடம் ஆசிரியையாக இருந்து, வகுப்பில் தூங்கியதற்காக எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருப்பேன்! அவர் போன மறுவாரம் அம்பகரத்தூரிலிருந்து புதிதாக ஓர் அம்மா வந்திருந்தார். பயிற்சியின் பாதியிலேயே தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுப்பக் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். சத்தமில்லாமல் மற்ற பாய்களைச் சுருட்டினோம், செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினோம். அந்த அம்மா தானாகக் கண் விழிக்கும்வரை வாசல்படியில் காத்திருந்தேன். மாணிக்கவேல் அண்ணனிடமிருந்து எனக்குச் சேர்ந்தது அந்தக் காத்திருப்புதான்.