எதிர்காற்றில் இருபத்துநான்கு

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன். புள்ளி வைக்க மறந்திருப்பேன். சைக்கிள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுத்துப் பிழைகளைத் தட்டச்சு செய்கிற தம்பி திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் எனக்கு அட்டெண்டர் வேலை. பத்தொன்பது வருடமாக ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவுக்கு இரண்டு எட்டுப் பின்னால் நடக்கிறேன். நாள் முழுக்க நின்றும் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மகன் வெளிநாடு போனபின் வீட்டில் சும்மா நின்ற கியர் சைக்கிளையும் கொடுத்தார். எங்கள் லேப் டெக்னீசியன் என்னைத் தன் சைக்கிள் குழுவில் சேர்த்துவிட்டார்.

குழுவின் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு அதில் எண்கள் மட்டும் புரியும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மூன்று எண்கள் வரும்: 28, 24, 18. மணிக்கு அத்தனை கிலோமீட்டர். ஞாயிறு காலை எந்தக் கூட்டத்தோடு போகிறோமோ அந்த எண்ணைத் தொட வேண்டும். யார் எதைத் தொட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு மாதம் நான் எதையும் தொடவில்லை.

முதலில் என் வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு லீவு நாளில் தனியாகச் சோழவந்தான் வரை போனேன். கிளம்பும்போது போனில் வேகம் காட்டும் ஆப்பை அமுக்க மறந்துவிட்டேன். போகும் வழியெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. வெறும் வயிறு, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது அமுக்கினேன். காளவாசல் வந்து பார்த்தால் இருபத்துநான்கு.

மறுநாள் லேப் டெக்னீசியனிடம் காட்டினேன்.

“இம்புட்டு வேகமாண்ணே? அப்புறம் என்ன வெக்கம்? இருபத்துநாலை அமுக்குங்க.”

“பதினெட்டே போதும் தம்பி.”

“அது வடை கோஷ்டிண்ணே. சைக்கிளு டீக்கடை வாசல்லதான் நிக்கும். உங்களுக்குச் சுகரு வேற.”

அவரே என் விரலைப் பிடிக்காத குறையாக அமுக்க வைத்தார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு. காலை ஐந்து மணிக்குக் காளவாசலில் எங்கள் கூட்டம் பதினொரு பேர். சோழவந்தானை ஒட்டிய தென்கரை வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவது திட்டம். இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அதற்காக ஒருவர் முறை வைத்துக் கடைசியில் வருவார். அவருக்கு வால் என்று பெயர். அன்றைய வால் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு சார்.

“என்ன சார், மகளுக்கு இன்னைக்குப் புதுநன்மை, நீங்க இங்க வந்து நிக்கிறீக?” என்று ஒருவர் கேட்டார்.

“எட்டு மணிக்குத்தான பூசை? ஏழே காலுக்கு வீட்டுல இருப்பேன். என் முறைய யாரு தலையில கட்டுறது?”

“பிந்திப் போயிப் பாருங்க, வீட்டம்மா தனியா ஒரு பூசை வைப்பாக.”

எல்லோரும் சிரித்தார்கள். சார் என் பக்கம் திரும்பி, புதுநன்மை என்றால் பிள்ளை கோவிலில் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள், பிள்ளையின் இருபுறமும் தாயும் தகப்பனும் மெழுகுவத்தி பிடித்து நடந்து கோவிலுக்குள் போக வேண்டும், அதைத்தான் மகள் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னார். நான் தலையாட்டினேன்.

மேலக்கால் சாலையில் கோச்சடை தாண்டியதும் மேல்காற்று நேராக முகத்தில் அடித்தது. கூட்டமாகப் போவதில் ஒரு வசதி உண்டு. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டி, ஒரு முழம் விட்டுப் போனால் காற்றை அவர் வாங்கிக்கொள்வார். எனக்கு முன்னால் போனது ஒரு பேங்க் மேனேஜரம்மா. அவர் முதுகை ஒட்டி எப்படிப் போவது? நான் இரண்டு சைக்கிள் நீளம் விட்டுப் போனேன். அவ்வளவு காற்றையும் நானே வாங்கினேன்.

“அண்ணே, ஒட்டிப் போங்க. மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டாக,” என்றார் சார் பின்னாலிருந்து.

அவர் அப்படிச் சத்தமாகச் சொன்னது மேடம் காதில் விழுந்திருக்குமே என்று இன்னும் கொஞ்சம் பின்தங்கினேன்.

துவரிமானில் மற்றவர்களின் சிவப்பு விளக்குகள் கண்ணுக்கு மறைந்தன. பிறகு நானும் சாரும் மட்டும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இறங்கி நின்றோம். ஏறினோம். மறுபடி இறங்கினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது; சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையைப் போட்டிருப்பதைச் சாரிடம் சொன்னேன். சார் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து உரித்துக் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

“நீங்க போங்க சார். நான் மெள்ள வாரேன்.”

“சுகரு உள்ள ஆளை நடுரோட்டுல விட்டுட்டு எப்டிண்ணே போறது?”

அரை மணி கழித்து எங்கள் கூட்டம் டீ குடித்துவிட்டு எதிரே திரும்பி வந்தது. “சார், எல்லாம் ஓகேவா?” என்று கத்தினார்கள். சார் கட்டைவிரலைக் காட்டினார். அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உங்களில் ஒருவர் என்னோடு நில்லுங்கள், சார் கோவிலுக்குப் போகட்டும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று தலையைக் குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

தென்கரையில் உங்களை ஏதாவது சாப்பிட வைத்துவிட்டுத் திரும்பலாம் என்று சார் சொன்னார். அங்கே வந்து சேர்ந்தபோது ஏழு ஆகப் பத்து நிமிடம். அப்போதுதான் பொய் சொன்னேன்.

“சார், இந்த ஊருல எம் மச்சினன் வீடு இருக்கு. நான் அங்க போயிச் சாப்பிட்டுட்டு வாரேன்.”

“இம்புட்டு நேரம் சொல்லவே இல்லையே?”

“மறந்துட்டேன் சார்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். மிச்சமிருந்த மிட்டாயை என் பையில் திணித்துவிட்டுத் திரும்பினார். காற்று அவர் முதுகைத் தள்ளியது. இரண்டு நிமிடத்தில் ஆளைக் காணோம்.

மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தேன். எதிரே வெற்றிலைக் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. இட்லிக்கடை ஒன்றைத் தேடிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பெடலை மிதித்தும் மிதிக்காமலும் வந்தேன். காளவாசலில் போனைப் பார்த்தால் இருபத்திரண்டு. தனியாகப் போன அன்றைக்கு வந்த இருபத்துநான்கு யாருடையது என்று அப்போது புரிந்தது. அது முதுகைத் தள்ளிய காற்றுடையது, என் காலுடையது இல்லை.

திங்கட்கிழமை லேப் டெக்னீசியன் விஷயம் சொன்னார்.

“சார் உள்ள போறப்ப பிரசங்கம் ஆரம்பிச்சிருச்சாம்ணே. பிள்ளைகூட அதோட தாய்மாமன்தான் மெழுகுவத்தி பிடிச்சு நடந்தாராம்.”

வேறு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். குழுவிலிருந்து என்னை எடுத்துவிடச் சொன்னேன். “எதுன்னாலும் சார்கிட்ட நேருல சொல்லுங்கண்ணே,” என்று லேப் டெக்னீசியன் தம்பி மறுத்துவிட்டார். மூன்று வாரம் எந்த எண்ணையும் தொடவில்லை. சைக்கிளில் தூசி படிந்தது. மாத்திரை ஒன்று கூடியது.

நான்காம் ஞாயிறு காளவாசல் போனேன். சார் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தென்கரையில மச்சினனே இல்ல சார்.”

“தெரியும்ணே.” பம்பை நிறுத்தவில்லை. “தெரிஞ்சுதான் போனேன். கோவில்ல உக்காந்து பூசையே மண்டையில ஏறல. நீங்க எங்கயாச்சும் விழுந்து கிடக்கீகளோன்னுதான் ஓடுச்சு. போன் போடலாம்னா அவசரத்துல போனை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டேன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தனை நாளும் எனக்கு என் வெட்கம்தான் பெரிதாகத் தெரிந்தது.

“பாப்பா?”

“ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா. இப்பப் பேசுறா. ஆனா போட்டோவுல நான் இல்லேல்ல.” பம்பைக் கழற்றினார். “நீங்க காளவாசல்லயே இது என் வேகம் இல்ல சார்னு சொல்லியிருந்தா, உங்களப் பதினெட்டுல ஏத்திவிட்டுட்டு நிம்மதியாப் போயிருப்பேன்.”

“இன்னைக்குப் பதினெட்டுல போறேன் சார்,” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பதினெட்டில் இருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர், “வாங்க, நம்ம வேகத்துக்கு நாய்கூட விரட்டாது,” என்றார். அன்றைய காற்றில் அந்தப் பதினெட்டே எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. கீழே வேறு எண் கிடையாது. இப்போதும் ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றத் தெம்பிருக்காது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். காற்றை எதிர்த்துப் போகும்போது வருகிற எண்தான் நம் எண். அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கிளம்புமுன் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் ஒரு வீடு இருக்கும். இதை எழுதப் பலமுறை உட்கார்ந்து, கை வலித்து, மூடி வைத்தேன். எழுதி முடித்தது ஆவணி மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.