ஹாஜியாரின் கன்னத்துப் புண்

புண்ணுக்கு மருந்து கட்டும் எங்கள் தொழிலில் நோயாளி அலறினால் நமக்குத்தான் திட்டு விழும். கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் டொக்டரும் நானும் சந்தோசத்தில் துள்ளிக் குதித்த ஓர் அலறலும் உண்டு.

ஊசி முனையில்

காத்தான்குடிப் புடவை வியாபாரி ஹாஜியார், மக்காவுக்குப் போனவர், பக்தாத் வழியாகத் திரும்பினார். சில மாதங்களில் கன்னத்தில் ஒரு புண். என்ன பூசியும் ஆறவில்லை. குஷ்டம் என்று ஊர் முடிவுகட்டியது. மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டொக்டரும் அதையே சொன்னால் கலியாணம் போச்சு. ஹாஜியாருக்கு வாவி நடுவிலுள்ள குஷ்ட நோயாளர் தீவுக்குத் தோணிதான்.

குஷ்டமென்றால் அந்த இடம் பெரும்பாலும் மரத்துப்போயிருக்கும். "குத்திப் பார்" என்று டொக்டர் ஊசியைத் தந்தார். கடவுளே, நோகட்டும் என்று வேண்டிக்கொண்டு குத்தினேன். கட்டில் அதிர எழும்பினார் மனிதர்.

"யா அல்லாஹ்! கன்னத்திலயா தம்பி கிணறு தோண்டுறாய்?"

சீட்டில்லாப் பயணிகள்

நோவு மட்டும் சாட்சியாகாது என்று டொக்டர் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்தார். "ஓடி வா!" என்று கத்தினார். ஓடினேன். குஷ்டக் கிருமி ஒன்றுகூட இல்லை! பெரிய உயிரணுக்களுக்குள் முட்டை முட்டையாய்ச் சிறு உருவங்கள். மணல் ஈ கடித்து உள்ளே விட்ட ஒட்டுண்ணிகளாம். தங்களை விழுங்க வந்த உயிரணுக்களுக்குள்ளேயே குடியேறிவிட்டனவாம். இது பக்தாத் பக்கத்துப் புண், ஆறிவிடும் என்று டொக்டர் சொன்னதும் ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் ஒருத்தனுக்குத்தானே கப்பல்ல சீட்டு எடுத்தன், இவனுகள் எப்பிடி ஏறினானுகள்?"

தாய்மாமன் கேட்ட வரம்

செய்தி கேட்டு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். "ஆறினாலும் திரும்ப வந்தா?" என்றார்.

ஹாஜியார் விடவில்லை. "ஒருக்கா வந்து ஆறினாப் பொறகு வராது மச்சான். பக்தாத்துல உம்மாமார் இந்தப் புண்ணில கொஞ்சம் எடுத்துப் புள்ளைகள்ர தொடையில வெச்சுடுவாங்க, மொகம் தப்பட்டும் எண்டு." எதிரியை ஒருமுறை வென்ற உடம்பு அவனை லேசில் மறக்காது என்று டொக்டரும் தலையாட்டினார். தாய்மாமன் மூக்கிலிருந்து கையை எடுத்தார். உள்ளே வந்தார். கன்னத்தைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நம்முட மாப்பிள்ளைக்கும் தொடையில கொஞ்சம் வெச்சு உடுங்க டொக்டர்!"

மாப்பிள்ளையின் தொடை தப்பியது, ஹாஜியாரின் புண் தழும்பானது, பெண்ணின் வாப்பாவை அலறவைத்த புண்ணியத்துக்குக் கலியாணத்தன்று சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சகனில் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே இடம் பெற்றவன் எங்கள் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.