இனாபா கடைச் சன்னலில் நின்ற கப்பல்

ஷிமிசு துறைமுகப் பகுதியில் பிறந்து அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால், இரண்டாவது கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் பேச்சு, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கப்பலும் விமானமும் செய்யும் பெட்டிகளை அவரவர் முதன்முதலில் வாங்கிய மாடல் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கூரை வரை அடுக்கிய பெட்டிகள், பசை வாசனை, மூடியின் மேல் அலையைப் பிளந்துகொண்டு வரும் போர்க்கப்பல் படம் என்று அடுக்குவார்கள். சொல்லச் சொல்ல ஆண்களின் முகம் வெண்ணெயாய் உருகும். சானோ ஹருயோ மட்டும் முகத்தைச் சுளிப்பார்.

"சீ, இனாபா கடையா?" என்பார். மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கடை பள்ளி வாசலிலிருந்து நூற்றிருபது காலடி தூரத்தில் இருந்தது. இனாபாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. காலையிலிருந்து மாலை வரை காய்ந்த கணவாய்க் கீற்றைப் பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டே இருப்பார். அதே விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியைத் திறப்பார், அதே விரலால் காதைக் குடைவார். சிகரெட் சாம்பல் பெட்டிகளின் மேல் விழும். புறங்கையால் தட்டிவிட்டு "புதுசு, இன்னைக்குத்தான் வந்தது" என்று நீட்டுவார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒட்டுவதற்கு ஒரு சின்னப் பசைக் குழாய் வைத்திருப்பார்கள். இனாபா அதை எடுத்துத் தனியாக விற்பார். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. காரணம், கடையின் தெருப்பக்கச் சன்னல்.

அந்தச் சன்னலில் மூன்று கண்ணாடித் தட்டுகள். ஊர்ப் பிள்ளைகள் செய்து முடித்த மாடல்களில் நல்லதாக இனாபா பொறுக்கியவை அதில் நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் செய்தவர் பெயரும் வகுப்பும் தூரிகையால் எழுதியிருக்கும். ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி போட்டி. வென்ற மாடல் நடுத்தட்டில் புத்தாண்டு வரை நிற்கும். பள்ளிக்குப் போகும் நானூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தத் தட்டில் தன் பெயர் ஒருமுறை நிற்கவேண்டும். 1963 கோடையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஹருயோவுக்கு இருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

அப்பா இல்லை. சூரைமீன் படகோடு போனவர் திரும்பவில்லை. அம்மா மீன் டப்பா ஆலையில் வேலை. அண்ணன் யசுஹிகோவுக்குப் பதின்மூன்று வயது. மாமா ஒருவர் அவனுக்கு வாங்கித் தந்த போர்க்கப்பல் பெட்டியை அவன் இரண்டு நாள் புரட்டிவிட்டு மூலையில் போட்டான். ஹருயோ எடுத்துக்கொண்டாள்.

இருபத்து மூன்று நாள் வேலை. இரண்டு பாதியாக வரும் உடலை ஒட்டி, கோடு தெரியாமல் பிளேடால் சுரண்டினாள். கொடிமரத்துக்கு முப்பத்தாறு கம்பி இழுக்கவேண்டும், பெட்டியில் அதற்கு ஒன்றும் இல்லை. பாகங்களைக் கிள்ளி எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை, பூசைப் பேழையில் அப்பா படத்துக்கு முன் வைத்திருந்த ஊதுவத்தியின் கனலில் காட்டினாள். குச்சி இளகும் நொடியில் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் தலைமயிரைவிட மெல்லியதாய் ஓர் இழை வரும். கொஞ்சம் அவசரப்பட்டால் அறுந்துவிடும், கொஞ்சம் தாமதித்தால் கருகிவிடும்.

"செத்தவருக்கு ஏத்துன வத்தியில என்னடி பொசுக்குறே? நாறுது!" என்று அம்மா கத்தினாள்.

"அப்பா கப்பல்காரர்தானேம்மா. கோவிச்சுக்க மாட்டார்."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு ஒரு கட்டு வத்தி கூடுதலாகவே வாங்கி வந்தாள்.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, கப்பலைச் செருப்புப் பெட்டியில் வைத்து ஹருயோ கடைக்கு எடுத்துப் போனாள். இருபத்தொன்பதரை சென்டிமீட்டர் நீளம். அண்ணன் கூட வந்தான், கடைக்கு வெளியே ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டு நின்றான்.

இனாபா கப்பலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"இந்தக் கம்பியெல்லாம் யாரு போட்டது?"

"நான்தான், மாமா."

"பொய் சொல்லாதே. உங்க அண்ணன்தானே?"

"அவனுக்கு வத்தியைக் கண்டாலே தும்மல் வரும், மாமா. முழுசும் நான்தான்."

இனாபா மீண்டும் மெல்லத் தொடங்கினார். "இங்க பாரு பாப்பா. இது சாதாரணக் கப்பல் இல்ல. நடுத்தட்டுல நிக்கவேண்டிய கப்பல். ஆனா சீட்டுல பொண்ணு பேரை எழுதி வெச்சேன்னு வெச்சுக்க, நாளைக்கு ஒரு பய பெட்டி வாங்குவானா? 'பொண்ணுங்க ஆடுற ஆட்டம்டா இது'ன்னு பம்பரம் வாங்கப் போயிடுவானுங்க. என் அடுப்புல பூனை படுத்துக்கும்."

ஹருயோ காலிச் செருப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணன் பேரைப் போடறேன். வீட்டுப் பேரு ஒண்ணுதானே? சானோவுக்கு சானோ. இல்லேன்னா எடுத்துட்டுப் போ. உனக்குக் கப்பல் சன்னல்ல நிக்கணுமா, வேண்டாமா?"

ஹருயோ தலையசைத்தாள். ஒரே ஒரு தடவை, மேலிருந்து கீழே. அந்தத் தலையசைப்பை நினைத்தால் அறுபத்தாறு வயதிலும் அவருக்கு நாக்கில் கசப்பு ஊறும். இனாபா திருடவில்லை, தான் கொடுத்ததுதான் என்பார். அழுக்கு அங்கேதான் ஒட்டியிருக்கிறது என்பார்.

கப்பல் வென்றது. இருபத்தைந்தாம் தேதி காலை நடுத்தட்டில் ஏறி நின்றது. முன்னால் சீட்டு: "சானோ யசுஹிகோ, நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு." சன்னல் முன் இருபது பையன்கள். பரிசு ஆறு வண்ணக் குப்பிகள். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு மூக்கை நிமிர்த்தி நின்றான்.

"அண்ணே, அந்தக் கம்பி எப்படிச் செஞ்சீங்க?" என்று கண்ணாடி போட்ட ஒரு பையன் கேட்டான்.

யசுஹிகோ கண்ணிமைக்காமல் சொன்னான்: "தையல் நூல். அம்மாவோட பெட்டியில எடுத்தேன்."

மாடல் கட்டுகிற எவனும் சொல்லாத பதில் அது. தையல் நூலில் பிசிறு இருக்கும். அந்த அளவுக் கப்பலில் வைத்தால் கம்பளிப் பூச்சி படுத்த மாதிரி தெரியும். இனாபாவுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துத் துணிக்கடையில் அந்த வாரம் சாம்பல் நிற நூல்கண்டு தீர்ந்துபோனது. செப்டம்பர் முழுவதும் சன்னலின் கீழ்த்தட்டில் மயிர் முளைத்த கப்பல்களாக வந்து நின்றன.

"எதுக்குடா நூல்னு சொன்னே? செய்யலேன்னாலும் சும்மாவாவது இருக்கலாம்ல?" என்று வீட்டில் ஹருயோ கேட்டாள்.

"நான் கேட்டேனா உன் கப்பலை? அவரா போட்டாரு. இப்ப நான் போய் 'எங்க தங்கச்சி செஞ்சது'ன்னா என்னைத்தானே எல்லாரும் கேலி பண்ணுவாங்க? உனக்கென்ன, நீ பொண்ணு."

அம்மா அதைவிட மோசம். ஆலையில் கிடைத்த ஆரஞ்சுச் சுளை டப்பா இரண்டைத் துணியில் கட்டிக்கொண்டு இனாபா கடைக்குப் போனாள். "பையனுக்கு இவ்வளவு கௌரவம் பண்ணியிருக்கீங்க" என்று இடுப்பு மடிய மூன்று தடவை வணங்கினாள். யார் செய்தது என்று அம்மாவுக்குத் தெரியாதா? வத்தி வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். கேட்டதற்கு, "அப்பா இல்லாத வீடு. ஆம்பிளைப் பிள்ளை பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமே. உனக்கு அண்ணன்தானே அவன், அயலானா?" என்றாள். ஹருயோ அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மாமேல் அவளுக்கு முதல்முதலாக அருவருப்பு வந்தது அன்றுதான்.

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் எழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்த நல்ல தாளில் ஒரு துண்டு வெட்டினாள். இனாபாவின் சீட்டு அளவுதான்: ஒன்பதுக்கு ஐந்து சென்டிமீட்டர். அதில் "சானோ ஹருயோ, ஐந்தாம் வகுப்பு" என்று எழுதினாள். நான்காவது தாளில்தான் எழுத்து கோணாமல் வந்தது. கடைக்குப் போய் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாமா, ரெண்டு மாசம் அண்ணன் பேரு இருந்தாச்சு. மிச்சம் ரெண்டு மாசம் இதை வைங்க."

இனாபா சீட்டை வாங்கினார். எழுத்தைப் படித்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அந்தச் சீட்டின் ஒரு மூலையை நீளவாட்டில் மடித்து, கடைவாய்ப் பல்லில் சிக்கியிருந்த கணவாய் நாரைக் குத்தி எடுத்தார். நாரைப் பார்த்தார். சீட்டில் துடைத்தார். மடக்கிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டார்.

"கடை நெறயக் கூட்டம் பாரு. வாங்க வந்தா வாங்கு, இல்லேன்னா வழி விடு."

"அப்போ என் கப்பலைக் குடுங்க."

"புத்தாண்டு வரைக்கும் அது சன்னலுக்குச் சொந்தம். விதி தெரியாதா?"

புத்தாண்டு முடிந்து அண்ணன் கேட்கப் போனபோது, பெருக்கும்போது விழுந்து உடைந்துவிட்டது என்றார் இனாபா. பதிலுக்கு ஒரு சின்ன டாங்கிப் பெட்டி கொடுத்தார். யசுஹிகோ சந்தோஷமாய் வாங்கி வந்தான். ஹருயோ அந்தத் தெருவில் போவதை விட்டாள். ஆறாம் வகுப்பு முழுவதும் கோயில் பக்கமாகச் சுற்றிப் போனாள். ஒரு நடைக்கு ஒன்பது நிமிடம் கூடுதல்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பள்ளி முடிந்ததும் ஒரு மாடல் தொழிற்சாலையில் சேர்ந்தார். கடைகளுக்கு அனுப்பும் காட்சி மாடல்களை ஒட்டி முடிக்கும் பிரிவு, பதினோரு பெண்கள் இருந்தார்கள். பிறகு பரிசோதனைப் பிரிவு. மொத்தம் முப்பத்து நாலு வருடம். நாடு முழுக்கக் கடைச் சன்னல்களில் அந்தப் பெண்கள் செய்த கப்பலும் விமானமும் நின்றன. எதன் முன்னாலும் பெயர் இல்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை. யார் பெயரும் இல்லாத இடத்தில் யாரும் பொய் சொல்ல முடியாது என்பார்.

2018 ஜூன் மாதம் அண்ணி தொமிகோ தொலைபேசியில் கூப்பிட்டார். "ஹருயோ, கேட்டியா? இனாபா வீட்டை இடிச்சாங்களாம். பரண்ல ஒரு கப்பல், சீட்டோட கிடைச்சுதாம். வட்டார மன்றத்துல 'நம்ம முதல் மாடல் கடை'ன்னு கண்காட்சி. உங்க அண்ணனைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. மனுஷன் மூணு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாக்குறாரு. எனக்குப் பாக்கச் சகிக்கல."

உடையவே இல்லை. அந்த ஆள் பரணில் ஒளித்துவைத்தது ஐம்பத்து நாலு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.

திறப்பு நாளன்று போனார். முப்பது நாற்காலி. முன்வரிசையில் இனாபாவின் மருமகள் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தாள். யசுஹிகோ டை கட்டி ஒலிவாங்கி முன் நின்றான். இனாபா மாமாவின் பெரிய மனசு, ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த கைத்தட்டல், இரவுபகலாகக் கப்பலோடு உட்கார்ந்த கோடை என்று பேசினான். அவன் நடிக்கவில்லை. சொல்லிச் சொல்லி அவனே நம்பியிருந்தான். கண்ணில் உண்மையான நீர்.

கைத்தட்டல் அடங்கியதும் ஹருயோ எழுந்தார். கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளும் குரியாமா என்ற இளம் பெண்ணிடம் சொன்னார்: "சீட்டுல இருக்கிற பேரு தப்பும்மா. அந்தக் கப்பலைச் செஞ்சது நான்."

குரியாமா அண்ணனைப் பார்த்தாள். "ஐயா, நீங்க...?"

"தங்கச்சி கொஞ்சம் உதவி பண்ணிச்சு" என்றான் யசுஹிகோ. "அறுபத்தாறு வயசுல இதுக்கு ஒரு சண்டையா, ஹரு? சரிம்மா, ரெண்டு பேரு பேரையும் போட்டுடுங்க. நான் பெருந்தன்மையாவே சொல்றேன்."

"ரெண்டு வேண்டாம்" என்றார் ஹருயோ. தலை அசையவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து தொமிகோ எழுந்தார். "நாப்பத்தி நாலு வருஷம் இவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். கடிகாரத்துக்கு பேட்டரி மாத்த பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடற மனுஷன். மூக்குக்கண்ணாடி திருகாணி கழண்டா ஒட்டுநாடா சுத்திக்குவாரு. இப்பவும் சுத்தியிருக்காரு, பாருங்க!"

முப்பது பேரும் பார்த்தார்கள். சுற்றியிருந்தது. சிரிப்பு வெடித்தது. யசுஹிகோ கண்ணாடியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "அவ... அவதான் செஞ்சா. நான் என்ன பண்றது, அவர் போட்டுட்டாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

குரியாமா அலுவலக அறைக்குப் போய்ப் புதுச் சீட்டு அச்சடித்துக் கொண்டுவந்தாள். "சானோ ஹருயோ, அப்போது ஐந்தாம் வகுப்பு." கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஹருயோவையே வைக்கச் சொன்னாள்.

ஹருயோ சீட்டோடு குனிந்தார். அப்போதுதான் கப்பலை அருகில் பார்த்தார். தன் கைவேலை தெரிந்தது. பீரங்கி ஒன்று அரை மில்லிமீட்டர் சாய்வு. பரிசோதனையில் திருப்பி அனுப்பியிருப்பார். கம்பிகள் முப்பத்தாறில் முப்பத்தொன்று நின்றன. ஆனால் தளம் முழுக்க, பீரங்கி வாய்களில், புகைபோக்கி விளிம்பில், தடித் தடியாய், அவர் பூசவே பூசாத தங்க வண்ணம். தூரிகை மயிர் ஒன்று அதிலேயே ஒட்டிக் காய்ந்திருந்தது. கம்பிகளின் அடியில் தங்கம் சொட்டி உறைந்து நின்றது.

கிட்டத்தில் பார்க்க வந்த ஒரு கிழவர் சொன்னார்: "அடடா, தங்கமெல்லாம் பூசியிருக்கீங்க! பொம்பளப் புள்ள ரசனை தெரியுது."

ஹருயோ சீட்டை வைக்காமல் நிமிர்ந்தார்.

"குரியாமா, இதுல இன்னொரு வரி சேர்க்கணும்."

"என்னம்மா?"

"'தங்க வண்ணம் பூசியவர், கடைக்காரர் இனாபா.'"

குரியாமா குரலைத் தாழ்த்தினாள். "மருமகள் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. கப்பலைக் குடுத்ததே அவங்கதான். சங்கடமா இருக்குமே..."

"இருக்கட்டும். இந்த அசிங்கம் என் பேர்ல போகக்கூடாது. அந்த வரி இல்லாம என் பேரும் வேண்டாம், எடுத்துடுங்க."

குரியாமா மருமகளைப் பார்த்தாள். மருமகள் கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு மாடிப்படிக் கைப்பிடி, குளியலறைக் குழாய், எல்லாத்துலயும் இதையேதான் அடிச்சு வெச்சிருந்தாரு" என்றாள். "எழுதுங்க."

குரியாமா மறுபடி அலுவலக அறைக்குப் போனாள். அச்சு இயந்திரம் சத்தம் போடும் வரை ஹருயோ பெட்டியின் முன்னாலேயே நின்றார்.