பெரட்டில் மாமாவின் பெயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை, காய்ச்சல், கோயில் திருவிழா எதையும் பார்க்காமல் தினமும் வேலைக்குப் போன ஒரே ஆள் என் மாமாதான். அவருக்கு அங்கே வேலையே கிடையாது என்பது வேறு விஷயம்.

மாமா அம்மாவின் தம்பி. நல்ல உயரம், அகலமான தோள். விவரம் மட்டும் சின்ன வயதிலேயே நின்றுவிட்டது. காசு எண்ணத் தெரியாது, கிழமை தெரியாது, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தாத்தாவும் பாட்டியும் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். அப்பா கொழும்பில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். ஆகவே பசறைப் பக்கத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக் காம்பராவில் அம்மா, மாமா, நான், மூன்றே பேர். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்டால் மாமாவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் எங்கள் வீட்டின் தீராத கவலை. கைக்குழந்தை என்றால் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகலாம். முப்பதை நெருங்கும் ஆளை எந்தத் தொட்டிலில் போடுவது?

அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தவர் கங்காணி. காலையில் ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடி நிற்பார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். தனியே விட முடியாமல் அம்மா மாமாவையும் அங்கே கூட்டிப் போவாள். ஒருநாள் எல்லோருடைய பெயரையும் கூப்பிட்டு முடித்ததும், தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று மாமா தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கங்காணி எப்போதும் சிடுசிடுவென்றிருக்கிற மனிதர். அன்று என்ன நினைத்தாரோ, மூடிய புத்தகத்தை மறுபடி திறந்து, அதில் இல்லாத மாமாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். மாமா துள்ளி எழுந்து "இருக்கேங்க" என்றார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

பெயர் கூப்பிட்ட பிறகு சும்மா இருக்க மாமாவால் முடியவில்லை. பெண்களோடு மலைக்குப் போனார். அவர்கள் பறித்து நிரப்பிய கொழுந்துச் சாக்குகளை மலையிலிருந்து எடை நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குச் சுமந்தார். பெண்கள் தங்கள் ரொட்டியில் அவருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தார்கள். அட்டை கடித்தால் எடுத்துவிட்டார்கள். கங்காணி சில காலைகளில் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டுவார். "நேத்து மத்தியானம் எங்கடா படுத்துக் கிடந்த? இன்னைக்கு ஒழுங்கா வேல செய்யணும்." அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு மாமா வரிசையைத் திரும்பிப் பார்க்கிற பெருமையைப் பார்க்க வேண்டுமே. எல்லோரும் திட்டு வாங்குகிற இடத்தில் தானும் வாங்கிவிட்டாராம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பதுளையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களே புதைந்துபோன பிறகு எங்கள் பக்கத்தில் எந்த ஜீப் வந்தாலும் லயத்தை மாற்றப்போகிறார்கள் என்றுதான் பேச்சு கிளம்பும். கொட்டுகிற மழையில் சுவரில் வெடிப்புத் தேடிக் காட்டத் தயாராக நின்றார்கள் சிலர். ஆனால் வந்தவர்கள் சுவரைப் பார்க்கவில்லை. மாமாவைப் போன்றவர்கள் இருக்கிற வீட்டுக்காரர்களை மட்டும் பிள்ளைக் காம்பராவுக்கு வரச் சொன்னார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிங்களம் பேசும் பெரிய அதிகாரி. மற்றவர் பதுளை டவுனில் இருந்து வந்த முஸ்லிம் மிஸ். தலையில் முக்காடு, நிதானமான பேச்சு. வளர்ந்தும் விவரம் போதாதவர்களுக்குப் பசறையில் பகலில் தங்க ஓர் இடம், கைத்தொழில் பழக்க ஒருவர், கூட்டிப் போக ஒரு வேன், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு, இப்படி ஒரு திட்டம் போடப்போகிறோம் என்றார் மிஸ். "என்ன வேணும்னு நாங்களா முடிவு பண்ணக் கூடாது. நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு எது கஷ்டம்?"

அதுவரை யாரும் எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்டதில்லை. தோட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்டால், அது ஆளை எடுப்பதற்கா கழிப்பதற்கா என்றுதான் மனது போகும். கஷ்டம் என்று சொன்னால் கழித்துவிடுவார்கள். அதனால் கஷ்டத்தைக் கேட்கக் கேட்க ஆளாளுக்குப் பெருமையைச் சொன்னார்கள். ஒருத்தி தன் மகள் தண்ணீர் எடுப்பாள் என்றாள். இன்னொருவர் தன் அண்ணன் விறகு பிளப்பதில் புலி என்றார். அந்த அண்ணனுக்கு வலிப்பு வரும் என்று எங்கள் லயத்துக்கே தெரியும்; அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எங்கள் அம்மா எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். மாமாவுக்குத் தீபாவளிச் சட்டையை மாட்டி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக் கூட்டிவந்திருந்தாள்.

"எந் தம்பி தெனம் பெரட்டுக்குப் போவாங்க. கங்காணி பேரு கூப்புடுவாரு. ரெண்டு ஆம்பள சொமக்கிற கொழுந்த ஒத்த ஆளா சொமப்பான்."

மிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். "சம்பளம் யாரு கையில குடுக்குறாங்க?"

"சம்பளமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மிஸ்," என்றாள் அம்மா, ஒரு குறையை மறுக்கிற வேகத்தில். "அவன் ஒரு சல்லி கேக்க மாட்டான். ஆசைக்குச் செய்றான்."

மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னதும் பெரிய அதிகாரியின் முகம் மாறியது. நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்பதைத் தவிர வேறென்ன அவர் நினைக்க முடியும்? நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். கூட்டம் முடிந்ததும் ஜீப் நேராக மேனேஜர் துரையைப் பார்க்கத் தோட்டத்து ஆபீசுக்குப் போனது. அம்மாவோ நன்றாகப் பேசிவிட்டோம் என்ற திருப்தியில் மாமாவின் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

மறுநாள் விடுமுறை என்பதால் நானும் பெரட்டுக் களத்துக்குப் போயிருந்தேன். கங்காணி கடைசிப் பெயர் வரைக்கும் கூப்பிட்டார். புத்தகத்தை மூடினார். மாமா தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றார். கங்காணி மலையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், மாமாவை மட்டும் பார்க்கவில்லை.

"கூப்புடுங்களேன், சும்மா பேச்சுக்கு," என்றாள் ஒரு பெண்.

"தொர கண்டிச்சு சொல்லிட்டாரு. இவன் சாக்கோட விழுந்து வச்சா தோட்டத்து மேல கேஸாம். பேரு கூப்புட்டா எனக்கு வேல இல்லியாம்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போப்பா," என்றார்.

அவர் மாமாவை 'டா' போடாமல் பேசியது அன்றுதான். மாமாவுக்கு அந்த மரியாதை புரியவில்லை. எல்லோரும் மலைக்குப் போன பிறகும் வெறும் களத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் முதுகில் ஓர் அடி வைத்தாள். அம்மா அவரை அடித்து நான் பார்த்ததும் அன்றுதான்.

அதன் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. இரண்டு முறை மாமா தானாகவே மலைக்குப் போனார்; திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருமுறை பஸ் ரோட்டில் இறங்கி நடந்து, வளைவில் மொனராகலை பஸ்ஸின் முன்னால் போய் நின்றுவிட்டார். டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்ட, மாமா "இருக்கேங்க" என்றாராம். அன்று மாலை அம்மா கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி வாங்கி அடித்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொக்கியைக் கழற்றும்போது மாமா கதவுக்கு நேரே நின்றுகொண்டிருப்பார். சில நாள் உடுப்பிலேயே மூத்திரம் போயிருக்கும். கத்த மாட்டார், அழ மாட்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். சாக்குச் சுமந்த தோள் கண்ணெதிரே வற்றிப்போனது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவும் தயங்கினார்கள். அவளாக வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டாள் என்பது அவர்கள் எண்ணம். அம்மாவும் அப்படித்தான் எண்ணினாள் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அவள் அந்தத் திட்டத்தை நம்பினாள். பசறைக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்காவது புதுப் பெயிண்ட் அடித்தால் நின்று விசாரிப்பாள். ஒன்று மருந்துக் கடையானது. இன்னொன்று லீசிங் கம்பெனியானது.

மழைக்காலம் முடிந்து ஒரு பிற்பகல் மிஸ் தனியாக வந்தார். இந்த முறை ஜீப் இல்லை. பஸ்ஸில் வந்து, மேட்டில் நடந்து ஏறி, சப்பாத்தெல்லாம் புழுதி. அம்மா அரை நாளோடு வேலையை விட்டுவிட்டு வந்து, என்னைக் கடைக்கு ஓடவிட்டு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட் வாங்கி வைத்தாள். மிஸ் உள்ளே வரும்போதே கதவிலிருந்த கொக்கியைப் பார்த்துவிட்டார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"நாங்க நல்லது நினைச்சுத்தான் செஞ்சோம், அக்கா," என்றார்.

"தெரியுங்க மிஸ்," என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பசறையில் இடம் இன்னும் சரிவரவில்லையாம். வந்தாலும் முதலில் சில பேரைத்தான் எடுக்க முடியுமாம். பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லாதவர்களுக்கு முதல் இடம். மிஸ் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, தம்பிக்கு யாரு இருக்காங்க?"

ஒருவரும் இல்லை என்று சொன்னால் இடம் கிடைக்கலாம். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் அப்படிச் சொன்ன ஒரு வீட்டு ஆளை எங்கேயோ தூரத்து விடுதிக்கு ஏற்றிப் போனார்கள். அப்புறம் அவரைப் பற்றிச் சேதியே இல்லை. அம்மா மாமாவைப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினாள்.

"இவ இருக்கா."

"சின்னப் பிள்ளைதானே, அக்கா. அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு. இவ பாத்துக்குவா."

மிஸ் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து, நான் பெரியவளாகி என்னவாகப் போகிறேன் என்று கேட்டார். டீச்சர் என்றேன். எந்த ஊரில் என்றார். கொழும்பில் என்றேன், எனக்குத் தெரிந்த பெரிய ஊர் அதுதான். "அப்ப மாமாவ யாரு பாத்துக்குவாங்க?" என்றார். வகுப்பில் விடை தெரிந்தவள் எழுந்து நிற்பதுபோல நின்று, "நான் பாத்துக்குவேன் மிஸ்," என்று சத்தமாகச் சொன்னேன். கெட்டிக்காரி என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அவர் மேல் நல்ல கோபம்.

இப்போது அம்மா இல்லை. மாமாவின் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நான் டீச்சர்தான், இதே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிறேன். மத்தியானம் ஓடிவந்து அவருக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போக இதைவிட வசதியான வேலை கிடைக்காது. கொழும்பில் ஒரு வேலை கிடைத்தது, போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களும் மாமாவைப் பார்த்த பிறகு தேத்தண்ணி குடிக்கும் வரைதான் இருந்தார்கள். பசறையில் அந்த இடத்தை இன்னும் தேடுகிறார்களோ, விட்டுவிட்டார்களோ தெரியாது. மாமாவை என் தலையில் கட்டியதற்காக அம்மா மேல் கோபம் வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். பண்டிகைக்கு மட்டும் வருகிற அப்பாவைத் தவிர அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அன்று மிஸ் போன பிறகு நடந்ததைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் முதல் பங்கு மாமாவுக்கு, மிச்சம்தான் எனக்கு. அன்று அம்மா அந்த பிஸ்கட் பாக்கெட்டை முழுசாக என் மடியில் வைத்தாள். மாமா கை நீட்டினார். அவர் கையை மெல்ல இறக்கிவிட்டு, "நீ தின்னு சாமி, எல்லாம் ஒனக்குத்தான்," என்றாள். நான் தின்று முடிக்கும்வரை என் தலையை வாரிக்கொண்டே இருந்தாள். சிக்கு எல்லாம் எடுத்த பிறகும் வாரினாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் பின்னால் கேட்டது. அடுப்புப் புகை என்று நினைத்தேன். நான் சொன்ன பதில் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, இன்னொரு முறை மிஸ் வந்து கேட்டால் இதைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.