மருமகன் பூட்டிய கொம்பியூட்டர்

வாசற்படியின் இடப்பக்கம் கழற்றி வைத்த ஒரு சோடி நீலப்பட்டிச் செருப்பு. என் மருமகனை நினைத்தால் முதலில் வருவது அதுதான். கல்யாணம் முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வருடத்தில் அவரைவிட அவருடைய செருப்பைத்தான் நான் நன்றாக அறிந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கட்டுகிறவர் பெண்ணின் வீட்டில் வந்து இருப்பார். ஆனால் அந்த ஒரே கூரைக்குக் கீழே மாமியும் மருமகனும் எதிரெதிரே நின்று கதைப்பதில்லை. அவர் ஹோலில் இருந்தால் மாமி குசினியில். அவர் கிணற்றடிக்குப் போனால் மாமி முன்வாசலில். சொல்ல வேண்டியதை மகளிடம் சொன்னால் மகள் அவரிடம் சொல்வாள். எல்லா வீட்டிலும் இவ்வளவு கடுமை இல்லை. என் வயதுக்காரிகள் பலர் மருமகனோடு சிரித்துக் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் சின்னதிலிருந்தே கூச்சக்காரி. ஒளிந்துகொள்ள அந்த வழக்கம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து மறுபடியும் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீடு குருக்கள்மடத்துக்குக் கிட்ட, பெரிய றோட்டிலிருந்து வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில். மருமகன் வெல்லாவெளிப் பக்கத்து ஆள், வாவிக்கு அங்கால். டவுனில் ஒரு டைப் அடிக்கிற கடையில் வேலை. நேரம் போனால் பஸ் இல்லை என்று மூன்று மணிக்கே கடையைப் பூட்டிவிடுவார்கள். நாலு மணிக்கு வந்து பிளேன்டீ குடித்த கையோடு செருப்பைப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போய்விடுவார். அங்கே தையல் கடை விறாந்தையில் நாலைந்து இளந்தாரிகள் கரம் போட் விளையாடுவார்கள். அப்படிக் கூடியிருந்தவர்களைத்தான் அந்த நாட்களில் வாகனத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றுவது யார் என்று கேட்கவும் பயம். வாவிக்கு அங்கால் அப்போது போராடுகிற இயக்கத்தின் கையில், அங்கே பிறந்தவர் என்று அடையாள அட்டையில் இருந்தால் இன்னும் பயம். மகளுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். பின்னேரங்களில் என் வேலை வாசற்படியைப் பார்ப்பது. செருப்பு இருந்தால் மூச்சு வரும்.

வழி கண்டுபிடித்தவள் மகள். கடையில் வேலை இல்லாத நேரம் அவர் கொம்பியூட்டரில் கார் ஓட்டி விளையாடுவார், அதில் அவருக்கு நல்ல விருப்பம் என்று அவளுக்குத் தெரியும். வட்டையில் எங்களுக்கு இருந்த இரண்டு ஏக்கரில் அந்தப் போகம் விளைந்த நெல்லை விற்ற காசை பிரிட்ஜ் வாங்கவென்று வைத்திருந்தாள். அதைத் தூக்கி அவரிடம் கொடுத்து, "இதுக்குள்ள உங்களுக்கு ஒரு கொம்பியூட்டர் பூட்டிக்கொள்ளுங்க. ஆனா நாலு மணிக்குப் பிறகு இந்தப் படலை தாண்டப்படாது" என்றாள். கொஞ்ச நேரத்தில் பழைய கலண்டரில் ஒரு தாள் கிழிபடுகிற சத்தம் கேட்டது.

கடையில் பூட்டி வைத்திருப்பதை வாங்கினால் அந்தக் காசுக்குக் கடிதம் டைப் அடிக்கிற கொம்பியூட்டர்தான் கிடைக்குமாம், விளையாட்டு ஓடாதாம். சாமான்களைத் தனித்தனியாகப் பார்த்து வாங்கித் தானே பொருத்திப் பூட்டினால்தான் முடியும். அதனால் ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டவுனிலும் காத்தான்குடியிலும் விலை கேட்டு வந்து, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, மகளுக்கு வாசித்துக் காட்டுவார். எனக்கும் குசினிச் சுவருக்கு இந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டே பாடமாகிவிட்டது. மதர்போட் என்பது எல்லாவற்றையும் குத்தி வைக்கிற பலகை. பிராசசர் மூளை. விளையாட்டில் படம் தடங்காமல் ஓடுவதற்கு வீ.ஜி.ஏ. கார்ட் என்று ஒன்று. காசில் பாதியை அதுவே விழுங்கியது. அதைக் குறைக்க மனமில்லாமல் மற்றவற்றில் நூறு இருநூறாகக் கிள்ளினார். மொனிட்டரைப் பழையதாகப் பார்க்கலாம். ராம் இரண்டு போடுகிற இடத்தில் இப்போதைக்கு ஒன்று போட்டு மற்ற இடத்தைச் சும்மா விடலாம். அது எனக்கு உடனே விளங்கியது. வீடு கட்டும்போது அடுத்த அறைக்கென்று கம்பியை நீட்டி விடுகிறோமே, அப்படித்தான். மகள் கொட்டாவி விடுவாள். நான் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு சாமானைப் பற்றி மட்டும் அவர் கதைத்ததே இல்லை. பவர் சப்ளை. இத்தனை சாமானுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி அது. "அது வெளிக்கூட்டுக் கேசிங்கோட சும்மா வரும்" என்று ஒரே ஒரு தரம் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. நாற்பது பேரைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுப்பை மட்டும் யாரோ சும்மா தருவதை வாங்குகிற மாதிரி. அதுவும் எங்கள் வீட்டுக் கரண்டை நான் அறிவேன். கோயிலுக்குப் பின்னால் இருந்த நெல் மில் பின்னேரம் அஞ்சு மணிக்குத் தொடங்கும். தொடங்கினால் ரியூப் லைட் பற்றாது, மின்விசிறியின் தட்டுகளை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். என் றேடியோ ஒன்று அப்படித்தான் கருகிப் போனது. மருமகன் டவுனில் வேலை செய்கிறவர். டவுன் கரண்ட் வேறு.

மகளிடம் சொன்னேன். "அதெல்லாம் அவருக்குத் தெரியுமம்மா, நீங்க பேசாம இரிங்க" என்றாள். புருஷனுக்குப் பிழை சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. நானோ வாய் திறக்க முடியாதவள். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, றேடியோத் தட்டில் இருந்த அந்தத் தாளை எடுத்து, பால் கணக்கு எழுதுகிற பென்சிலால் அடியில் எழுதினேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கொப்பியில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். "மருமகனுக்கு. கரண்ட் கொடுக்கிற பெட்டி சும்மா வரும் என்று கேட்டேன். எங்கட வீட்டுக் கரண்ட் நல்லதில்லை. அஞ்சு மணிக்கு மில் போட்டால் ஃபேன் நிற்கிற மாதிரி வரும். பிழையாக இருந்தால் அழித்துவிடவும்." எழுதிய பிறகு பகல் முழுக்க அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழிக்க இறப்பரும் இல்லை.

அன்று பின்னேரம் அவர் வந்து தாளை எடுத்தார். அடுத்த நாள் காலை என் எழுத்துக்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தது. "மாமி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. மில் நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை, அதனால் தெரியவில்லை. நல்ல பவர் சப்ளை வாங்கினால் வீ.ஜி.ஏ. கார்ட் ஒரு படி சின்னதாகத்தான் வாங்கலாம். என்ன செய்யலாம்?" என்னிடம் ஒருவர் என்ன செய்யலாம் என்று எழுதிக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் எழுதினேன்: "படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. நிற்காமல் ஓட வேணும்." அதிலிருந்து இரண்டு கிழமை எங்கள் கதை அந்தத் தாளில்தான் நடந்தது. பின்பக்கம் நிரம்ப அடுத்த மாதத்துத் தாளையும் கிழித்தார். வோல்டேஜ் ஏறி இறங்காமல் பார்க்கிற ஸ்டெபிலைசர் வேண்டுமா, அதை ஹோலில் எங்கே வைக்கலாம், வாவிக் காற்றின் உப்பு கேசிங்கைத் துருப்பிடிக்க வைக்குமா என்றெல்லாம் கேட்பார். மகள் எங்கள் இரண்டு பேரின் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் நான்தானே தபால்காரி. இப்ப என்னை வேலையால நிப்பாட்டிட்டீங்க" என்றாள்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிற செக்பொயின்டில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும் என்பதால் எதையும் ஒட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோலில் பாயை விரித்துப் பூட்டினார். நான் குசினித் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு ஸ்குரூவைக்கூட அவர் இறுக்கி முறுக்கவில்லை. பச்சைப்பிள்ளைக்குச் சட்டை போடுகிற கை அது. எல்லாம் முடிய நாலே முக்காலுக்குப் போட்டார், படம் வந்தது. விளையாட்டையும் தொடங்கினார். அஞ்சு மணிக்கு மில் தொடங்கியது. ரியூப் லைட் மினுங்கியது, மின்விசிறி சோர்ந்தது. கொம்பியூட்டர் அசையவில்லை. திரையில் சிவப்புக் கார் போய்க்கொண்டே இருந்தது. அவர் குசினித் திரைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி விளையாடினார்.

இத்தோடு என் கவலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்று பின்னேரம் செருப்பு படியில் இருந்தது. நாலாம் நாள் இல்லை. கொம்பியூட்டர் துணி போர்த்தபடி கிடந்தது. ஏதோ பழுதாகிவிட்டது, நான் சொல்லி வாங்கிய சாமான்தான் பிழையாகிவிட்டது என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இருட்ட முன்னம் அவர் வந்ததும் மகள் அறைக்குள் வைத்துச் சண்டை பிடித்தாள். அப்போதுதான் அவர் சொன்னதைக் கேட்டேன்.

"நான் வீட்டுல இரிந்தா மாமி குசினிய விட்டு வெளிய வாறதில்ல. மூணு நாளும் அந்தப் புகைக்குள்ள இருமிக்கொண்டு இரிந்தவ. அவட வீடு இது. நான் வெளிய போனாத்தான் அவ ஹோலுக்கு வந்து காலை நீட்டி இரிப்பா. அதுக்குத்தான் நான் சந்திக்குப் போறதே."

கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு அப்படியே பலகையில் இருந்துவிட்டேன். மரியாதை என்று நான் ஒளிந்திருந்தேன். மரியாதை என்று அவர் வெளியே போனார். இடையில் அந்தச் சந்தி. அவரை ஒவ்வொரு நாளும் அங்கே அனுப்பியவள் நான்தான் என்று விளங்கியதும், கூச்சத்தைவிடப் பெரிய வெட்கம் ஒன்று வந்தது.

அடுத்த நாள் நாலு மணிக்குச் சுளகில் அரிசியை எடுத்துக்கொண்டு ஹோலில் போய், கொம்பியூட்டர் கதிரைக்குப் பின்னால் பாயில் இருந்தேன். அவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் தலையைக் குனிந்து கல் பொறுக்கினேன், எழும்பவில்லை. அவர் செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு மெதுவாக வந்து கதிரையில் இருந்து கொம்பியூட்டரைப் போட்டார். அவருடைய முதுகும் திரையும் எனக்குத் தெரிந்தன. சிவப்புக் கார் மலை ஏறியது, பாலம் கடந்தது, கடற்கரையோரம் பறந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஒருவரும் நிற்பாட்டவும் இல்லை. எவ்வளவு தூரம் இப்படியே போகும் என்று பார்த்திருந்த எனக்கு வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"மகன், அந்த றோட்டில செக்பொயின்ட் ஒண்டும் இல்லையா?"

கார் மதிலில் மோதி நின்றது. அவர் தோள் குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பாமலே, "இல்ல மாமி. அடையாள அட்டையும் கேக்க மாட்டான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அரிசி, கீரை, கருவாடு என்று ஏதோ ஒன்றோடு நான் போய் இருப்பேன். அவர் முன்னால் பார்த்தபடி, நான் அவர் முதுகைப் பார்த்தபடி கதைப்போம். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

மகளுக்கு எட்டாம் மாதம் நடந்த ஒரு பின்னேரம், வெயில் இறங்குகிற நேரம், சந்தியில் ஒரு வாகனம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாய்கள் குரைத்தன. யாரோ உதவிக்கு அழைத்துக் கத்தினார்கள். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். அங்கே இருந்தவர்கள் அவருடைய கூட்டாளிகள். போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பார்? நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. அவருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வாசலை மறித்து நின்றேன்.

"போகப்படாது. போறதெண்டா என்னைத் தள்ளிப்போட்டுப் போங்க."

எந்த மருமகனும் மாமியைத் தொட்டுத் தள்ள மாட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் இரண்டு முழத் தூரத்தில் அப்படியே நின்றார். கிட்ட வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரு வருடமாகப் பிரித்து வைத்திருந்த அந்த வழக்கத்தை அன்று நான் வாசலில் குறுக்கே போட்டேன். அவர் கண் என் கண்ணைப் பார்த்தது. நான் குனியவில்லை. வாகனம் கிளம்பிப் பெரிய றோட்டில் சத்தம் தேய்கிற வரைக்கும் அப்படியே நின்றோம். பிறகு அவர், "சரி மாமி" என்று சொல்லிப் போய்க் கதிரையில் இருந்தார்.

அன்று கொண்டுபோன நாலு பேரில் மூன்று பேர் அந்தக் கிழமைக்குள் திரும்பி வந்தார்கள். வராத மற்றவரின் தாய் என்னோடு ஒன்றாகப் படித்தவள். அவளைக் கோயிலில் கண்டால் இன்றைக்கும் நான்தான் முதலில் தலை குனிவேன்.

காலம் மாறிவிட்டது. பேத்தி பெரியவளாகிவிட்டாள். மருமகன் களுவாஞ்சிகுடியில் சொந்தமாகக் கடை வைத்துக் கொம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கிறார். வருகிற இளந்தாரிகள் எல்லாரும் முதலில் வீ.ஜி.ஏ. கார்டைத்தான் கேட்கிறார்களாம். இவர் அவர்களிடம் உங்கட வீட்டுக் கரண்ட் எப்படி என்று கேட்பாராம். நாங்கள் இப்போது மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிடுகிறோம், கறியில் உப்புக் குறைந்தால் நேரே என்னிடம்தான் சொல்வார். கடையில் வேலை கூடிய நாட்களில் அவர் வரச் சுணங்கும். அப்போது போன் எடுத்து, "மாமி, நீங்க சாப்பிட்டுப் படுங்க, எனக்காகப் பாத்திரிக்காதீங்க" என்பார். நான் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசற்படியைப் பார்க்காமலே படுத்துவிடுவேன். அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்பது காலையில் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.