தீர்த்தகிரிக்கு யார் ஜாமீன்?

1. மாதம்மாள் கேட்ட கேள்வி

அரூர் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக நான் சேர்ந்த அன்றிலிருந்தே பொன்னுசாமியைக் கண்டால் எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. அவன் எனக்கு முன்பே வேறொரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கும் கட்சிக்காரர்கள் அவனைத் தேடித்தான் போவார்கள். பெஞ்ச் கிளார்க் அவனைப் பார்த்தால் "வாப்பா" என்பார், என்னைப் பார்த்தால் "என்ன?" என்பார்.

ஆகவே மாதம்மாள் நேராக என்னிடம் வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மொரப்பூர்ப் பக்கத்துக்காரி. கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் அவள் புருஷன் தீர்த்தகிரி, பங்காளியின் கையைக் கழியால் அடித்து முறித்துவிட்டு சப்-ஜெயிலில் இருந்தான்.

"எங்கூட்டுக்காரரை இன்னைக்கே வெளிய எடுக்கணும் சாமி."

படித்ததை எல்லாம் கொட்டினேன். இது ஜாமீனில் விடக்கூடிய கேஸ். வழி மூன்று. சொந்த முச்சலிக்கா என்றால், வாய்தாவுக்குத் தவறாமல் வருகிறேன் என்று எதிரியே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனே, எழுதிக் கொடுப்பது. கோர்ட்டுக்கு நம்பிக்கை இருந்தால்தான் நடக்கும். ரொக்க ஜாமீன் என்றால், பணத்தைக் கோர்ட்டில் கட்டி வைப்பது. ஒழுங்காக வந்து போனால் முடிவில் திரும்பக் கிடைக்கும். ஆள் ஜாமீன் என்றால், பட்டா நிலம் உள்ள ஒருவர் அவனுக்காகக் கையெழுத்துப் போடுவது. எதிரி வராவிட்டால் பத்திரத்தில் கண்ட தொகை அவர் தலையில் விழும், நிலத்துக்கு ஜப்தி வரலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "கையெழுத்துப் போட்டவங்கதான அவரைக் கூட்டியாந்து நிறுத்தணும்?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப கேஸ் முடியற வரைக்கும் அவரு அவங்க வூட்லதான இருக்கணும்?"

சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மனு எழுதும் அவசரத்தில், "இருந்தா நல்லதுதான்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "எழுதுங்க சாமி. எங்கம்மா குடுத்த கொல்லை நெலம் எம் பேர்லதான் இருக்குது."

2. வராந்தாவில்

மனுவோடு கோர்ட்டுக்கு ஓடினால் வராந்தாவில் பொன்னுசாமி. பக்கத்தில் தலை நிறையக் கனகாம்பரம் வைத்த ஒரு இளம்பெண்.

"புருஷனுக்கு ஜாமீன் எடுக்கணுமாம். பச்சையம்மான்னு பேரு."

"புருஷன் யாரு?"

"தீர்த்தகிரி."

எனக்குப் பின்னாலேயே வந்த மாதம்மாள் அதைக் கேட்டுவிட்டாள்.

"நீ என்னாத்துக்குடி இங்க வந்த?"

"எம் புருஷனைக் கூட்டிக்கிட்டுப் போவத்தான் வந்தேங்க்கா. அப்பன் குடுத்த தோட்டத்தையே ஜாமீன் வக்கறேன்."

"எங் கொல்லைத் தண்ணிக்காவத்தான்டி அடிச்சாரு. எனக்காவ உள்ள போனவரை நாந்தான் எடுப்பேன்."

"அடிதடிக்கு நீங்க, ஆக்கிப்போட நானுங்களா? அவரு உங்க வூட்டு வாசப்படி மிதிச்சு எத்தனை நாளாச்சு?"

மாதம்மாள் என்னிடம் கேட்ட அதே கேள்வியை இளைய தாரமும் கேட்டிருக்கிறாள்; பொன்னுசாமியும் நான் சொன்ன பதிலையே சொல்லியிருக்கிறான். அவர்கள் சண்டை நடக்கும்போதே நாங்கள் இருவரும் பெஞ்ச் கிளார்க் மேஜைக்குப் பாய்ந்தோம். முதல் நம்பர் அவன் மனுவுக்கு விழுந்தது. "எழுத்துன்னா இப்படி இருக்கணும்" என்று கிளார்க் வேறு சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

3. உத்தரவு

"எதிரி ஒருத்தர், ஜாமீன் மனு ரெண்டா?" என்றார் மாஜிஸ்திரேட். எங்கள் வக்கீல் என்னை முறைத்தார். அவன் வக்கீல் அவனை முறைத்தார். விஷயம் தெரிந்ததும் மாஜிஸ்திரேட், "ரெண்டு அம்மாவுக்கும் பட்டா இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"நல்லதாப் போச்சு. நான் எப்பவும் ரெண்டு ஜாமீன்தாரர் கேக்கறவன். ரெண்டு பேரும் ஒரே பத்திரத்துல கையெழுத்துப் போடட்டும்."

கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பதை நான் மாதம்மாளுக்கு விளக்கினேன்.

"அவ வூட்ல இருந்து ஓடிப்போனாலும் எங் கொல்லைக்கு ஜப்தி வருமா?"

"வரும்மா."

அந்தப் பக்கம் பச்சையம்மா பொன்னுசாமியிடம் தன் தோட்டத்தைப் பற்றி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கூண்டில் நின்ற தீர்த்தகிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கைகூப்பினான்.

"சாமி, நான் உள்ளயே இருந்துக்கறனுங்க."

கோர்ட்டே சிரித்தது. ஆனாலும் அவனுடைய பெருவிரல் ரேகையும் பத்திரத்தில் விழுந்தது.

அடுத்த வாய்தாவுக்குக் கரியில் ஓடும் அந்தக் காலத்து பஸ்ஸிலிருந்து மூவரும் இறங்கினார்கள். அவன் நடுவில், பெண்கள் இருபுறமும். போகப் போக அந்த இரண்டு பெண்களும் புளியமரத்தடியில் ஒரே தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். அவன் பீடி பற்றவைக்க எழுந்தால் போதும், "எங்க கிளம்பிட்டீங்க?" என்று இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டார்கள். கேஸ் ராஜியில் முடிந்து ஜாமீன் ரத்தான பிறகும், சந்தைக்கு இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகக் குமாஸ்தா வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த ஜாமீன், யார் பேரில் பட்டா என்பதெல்லாம் பிறகு. ஆளை வெளியே எடுத்தால் யார் வீட்டுக்குப் போவான் என்று முதலில் கேளுங்கள்; அந்த வீட்டைப் பார்த்து வயிறெரிகிற ஆள் யார் என்றும் கேளுங்கள்.

பொன்னுசாமி கோர்ட்டுக்குக் கிழக்கே உள்ள கடையில் டீ குடிக்கிறான். நான் மேற்கே உள்ள கடையில். எங்கள் இருவரையும் ஒரே பத்திரத்தில் கட்டிப்போட இன்னும் எந்த மாஜிஸ்திரேட்டும் உத்தரவு போடவில்லை.