இரண்டு வீட்டுக்கு ஒரு துப்பாக்கிக் கோடாலி

ஏரியில் எது கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் கரையிலேயே பங்கு போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் ஜனத்தின் கட்டு. கூட இறங்கியவர்களுக்கெல்லாம் சம பங்கு. இதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று பெருமை பேசுவார்கள். ஒரே ஒரு தடவை வந்தது. அதையும் பங்கு போட்டுத்தான் தீர்த்தார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அம்மா வயிற்றில் பிள்ளை. முன்பு இரண்டு தங்கவில்லை. இந்தத் தடவை தண்ணீரில் இறங்கவே கூடாது என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சொல்வது சுலபம். படகும் வலையும் இல்லாத எங்களுக்குக் கைதான் வலை. நைனாவும் அம்மாவும் சேற்றைத் தடவி இறால் பிடித்தால்தான் உலை கொதிக்கும். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அம்மா இறங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் கரையிலிருக்கும் பழைய ஒல்லாந்தர் கோட்டைக்கு நேரே அவள் கைக்கு இரும்பு ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தால் வரவில்லை. பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டாள். இருவருமாக இழுத்ததில் துருவேறிய கோடாலி ஒன்று வந்தது. கழுவிப் பார்த்தால், காம்பு இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கிக் குழல், பிடியருகே விசை.

"இன்னாண்ணா இது, வெட்றதா சுடறதா?" என்று நைனாவைக் கேட்டார் சித்தப்பா.

"ஒல்லாந்துக்காரன் உஷார் பார்ட்டி. குண்டு தீந்தா வெட்டலாம்னு செஞ்சிக்கிறான்" என்றார் நைனா. இரண்டு வீடும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பஜாரில் பழைய பீங்கானும் பித்தளையும் வாங்குகிற கடைக்காரர் வந்து பார்த்தார். குழலை விரலால் தடவி முத்திரை தேடினார். "கப்பல்காரங்க வச்சிருந்தது. இத மாதிரி நான் பாத்ததே இல்ல. மெட்ராஸ்லேர்ந்து ஆளைக் கூட்டினு வரேன். ஒரு படகு வாங்கற அளவுக்குத் தேறும்" என்று சொல்லிப் போனார்.

"இனிமே நீ தண்ணில எறங்க வேணாம்" என்றார் நைனா. அம்மா அன்றைக்கே பறியை அலம்பிக் கவிழ்த்து வைத்தாள்.

படகு என்ற சொல் சித்தப்பா காதிலும் விழுந்திருந்தது. "உங்கூட்ல வச்சா நீ சொல்றதுதான் வெல" என்றார். நைனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவர்கள் கூடினார்கள். கட்டு இருக்கும்போது என்ன கவலை? கோடாலியும் துப்பாக்கியுமாக இரண்டு சாமான், இரண்டு வீடு. வேறென்ன யோசிக்க இருக்கிறது? அந்த ஆள் வரும்வரை பொறுக்கச் சொன்ன அம்மாவை யாரும் சட்டை செய்யவில்லை. ரம்பம் கொண்டுவந்து அறுத்தார்கள். கோடாலி சித்தப்பாவுக்கு, குழல் எங்களுக்கு. எனக்கும் அது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. துப்பாக்கி எங்கள் பங்குக்கு வந்ததில் கொஞ்சம் கர்வம்கூட.

மெட்ராஸ்காரர் வந்தார். இரண்டு வீட்டிலிருந்தும் எடுத்துவந்து பாயில் வைத்தார்கள். அறுத்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடாலி எங்க வேணா கெடைக்கும். துருப்பிடிச்ச குழலும் கெடைக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்ததுதாங்க இதுக்கு வெலையே."

"வெல்டிங் வச்சா சரியாப் பூடாதா?" என்றார் சித்தப்பா. துக்கம் கேட்க வந்தவர்போல் மெட்ராஸ்காரர் கும்பிட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் அம்மா பறியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நைனா தடுக்கவில்லை.

தை பிறந்தால் தம்பி வருவான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கார்த்திகையிலேயே அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தன் பங்குக் கோடாலியைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரே சந்தோஷம். அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, "ரெண்டும் நம்மகிட்டயே வந்துடுச்சும்மா, இனிமே படகு வாங்கலாம்" என்றேன். அம்மா ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.